'இன்னிக்கு மண்டையே ஓடல...' - குறை உங்களிடமா, உங்களைச் சுற்றியா?

மதியம் மூன்றரை மணி. மீட்டிங் ரூமில் எட்டுப் பேர். கதவு சாத்தியிருக்கிறது, ஏசி ஓடுகிறது. திரையில் இருக்கும் எக்ஸெல் ஷீட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஏறவில்லை. "இதை நாளைக்குக் காலைல பார்த்துக்கலாமா?" என்று ஒருவர் கேட்டதும் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் காலை பத்து மணிக்கு அதே ஷீட்டைத் திறந்தால், பத்து நிமிடத்தில் தப்பு எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

அநேகமாக எல்லா அலுவலகத்திலும் நடக்கிற கதைதான் இது. அப்போதெல்லாம் நாம் யாரைத் திட்டுகிறோம்? நம்மையேதான். "எனக்கு ஃபோகஸே இல்ல", "சோம்பேறி ஆயிட்டேன்", "வயசாகுது போல". சொல்பவருக்கு வயது இருபத்தெட்டு!

உண்மையில், தெளிவாக யோசிப்பது என்பது புத்தியும் மன உறுதியும் மட்டுமே சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. நேற்று ராத்திரி எப்படித் தூங்கினோம், அறையில் காற்று வருகிறதா, எவ்வளவு வெக்கை, எவ்வளவு சத்தம், போன் எங்கே இருக்கிறது, மாதக் கடைசியில் கையில் எவ்வளவு இருக்கிறது... இவை எல்லாமே அதில் பங்கு வகிக்கின்றன.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மூளை மந்தமாகிவிட்டதா என்று பார்க்க நம்மிடம் இருப்பதும் அதே மந்தமான மூளைதான். அதனால், 'நான் நல்லாத்தானே இருக்கேன்' என்று தோன்றிக்கொண்டே இருக்கும். ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவரும் விஷயம் இது.

'எனக்கு ஆறு மணி நேரம் போதும்': நிஜமாகவே போதுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்திய ஒரு பரிசோதனை 2003-ல் வெளியானது. ஆரோக்கியமான 48 பேர். ஒரு குழுவுக்கு இரவில் 8 மணி நேரம் தூங்க அனுமதி, இன்னொன்றுக்கு 6 மணி நேரம், மற்றொன்றுக்கு 4 மணி நேரம். இப்படியே 14 நாட்கள். தினமும் கவனம், நினைவாற்றல் போன்றவற்றைச் சோதித்தார்கள். நான்காவதாக ஒரு குழு, மூன்று நாட்கள் தூங்காமலே இருந்தது.

8 மணி நேரக் குழுவுக்குப் பெரிய மாற்றம் இல்லை. 6 மணி நேரக் குழு நாளுக்கு நாள் சரிந்தது. இரண்டு வாரம் முடிந்தபோது, ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் செயல்திறன், ஒன்று முதல் இரண்டு இரவுகள் கொஞ்சமும் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. "உங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருது?" என்று அவர்களிடம் தினமும் கேட்டார்கள். முதல் சில நாட்கள் 'தூக்கம் வருது' என்றவர்கள், அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். உடம்புக்குப் பழகிவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் சோதனைகளில் அவர்களின் தவறுகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின.

'ஆறு மணி நேரத் தூக்கம் எனக்குப் பழகிடுச்சு' என்று நாம் சொல்லும்போது, பழகியிருப்பது பெரும்பாலும் அந்தச் சோர்வு உணர்வுதான். யோசிக்கும் திறன் பழையபடி ஆகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

குடிக்காமலே 'குடித்த' நிலை

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ட்ரூ டாசனும் கேத்ரின் ரெய்டும் 1997-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே ஆட்களை ஒரு நாள் தூங்கவிடாமல் விழித்திருக்க வைத்துச் சோதித்தார்கள். இன்னொரு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மது கொடுத்துச் சோதித்தார்கள். கண்ணும் கையும் ஒன்றாக இயங்க வேண்டிய ஒரு வேலைதான் சோதனை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது கிட்டத்தட்ட 0.10 சதவீதத்துக்குச் சமம்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினோரு மணிக்கு 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். அமெரிக்க கிளையன்ட் அழைப்பை முடித்துவிட்டு நள்ளிரவு ஒரு மணிக்கு ஓஎம்ஆரில் பைக்கை எடுக்கிறவர் ஒரு சொட்டுக்கூட குடித்திருக்க மாட்டார். போலீஸ்காரர் கையில் இருக்கும் கருவியும் அவரை 'ஓகே' என்றுதான் அனுப்பும். எதிரே வரும் லாரிக்கு பிரேக் அடிக்க வேண்டிய நொடியில்தான் வித்தியாசம் தெரியும்.

வேலையை விடலாமா, கடன் வாங்கலாமா, அந்த மெயிலுக்குக் காட்டமாகப் பதில் அனுப்பலாமா என்ற முடிவுகளையும் நாம் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் நிறைய எடுக்கிறோம்.

சென்னையில் நடந்த தூக்க ஆய்வு

'அப்போ நல்லா தூங்குங்க, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லி முடித்துவிடலாமா? அது அவ்வளவு சுலபம் இல்லை என்று காட்டிய ஆய்வு நடந்தது நம்ம சென்னையில்தான்.

பொருளாதார ஆய்வாளர்கள் பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா ஆகியோர் சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரை டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்தார்கள். கையில் கட்டும் ஒரு கருவி மூலம் அவர்கள் தூங்கிய நேரத்தை அளந்தார்கள். 2021-ல் முடிவுகள் வெளியாயின.

அவர்கள் படுக்கையில் இருந்தது சராசரியாக 8 மணி நேரம். தூங்கியதோ ஐந்தரை மணி நேரம்தான். ராத்திரி முழுக்க விட்டு விட்டுத் தூக்கம். தூக்கக் கோளாறு உள்ள நோயாளிகளின் தூக்கம் எப்படி இருக்குமோ, அப்படி. வெக்கை, கொசு, தெருச் சத்தம், சின்ன இடத்தில் பல பேர் என்று வாழும் வீடுகளில் இது எப்படி இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பகுதியினருக்கு மின்விசிறி, மெத்தை, காதடைப்பான், கண்மறைப்புத் துணி போன்றவை கொடுத்து, சீக்கிரம் படுக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் நிபுணர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக, வேலைத் திறனிலோ சிந்தனைத் திறனிலோ கண்டுகொள்ளும்படியான முன்னேற்றம் எதுவும் இல்லை.

வித்தியாசம் தெரிந்தது வேறு இடத்தில். இன்னொரு ஏற்பாடாக, வேலை செய்யும் இடத்திலேயே மதியம் கொஞ்ச நேரம் தூங்க வசதி செய்து கொடுத்தார்கள். அந்தக் குட்டித் தூக்கம் போட்டவர்களின் வேலைத் திறன், கவனம், மனநிலை எல்லாம் மேம்பட்டன.

ஏன் அப்படி? நேரம் கூடினாலும் இரவுத் தூக்கம் தொடர்ந்து துண்டு துண்டாகவே இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அமைதியான இடத்தில் கிடைத்த கொஞ்ச நேரம், கலைந்து கலைந்து வந்த நீண்ட நேரத்தைவிட மேலாக இருந்திருக்கலாம். எத்தனை மணி நேரம் என்று மட்டும் எண்ணினால் போதாது, எப்படிப்பட்ட இடத்தில் என்பதும் சேர்த்தி.

மூடிய அறை, தேங்கிய காற்று

இப்போது அந்த மீட்டிங் ரூமுக்கு வருவோம். நாம் வெளியே விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. வெளிக்காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. கதவு ஜன்னல் சாத்திய அறையில் பல பேர் உட்கார்ந்தால் அது ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். வழக்கமான ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. குளுகுளுவென்று இருப்பதால் காற்றும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் குழு, 24 ஊழியர்களை ஆறு நாட்கள் ஒரு சோதனை அலுவலகத்தில் வேலை செய்ய வைத்தது. அவர்களுக்குச் சொல்லாமலே ஒவ்வொரு நாளும் அறையின் காற்றை மாற்றியது. கார்பன் டை ஆக்சைடு 1,400-ஐ ஒட்டி இருந்த நாளில், நல்ல காற்றோட்டம் இருந்த நாட்களோடு ஒப்பிட்டால், முடிவெடுக்கும் சோதனையில் மதிப்பெண் பாதியாகக் குறைந்தது.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரவில்லை. இதைவிடப் பல மடங்கு அதிக அளவில் நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களைச் சோதித்தபோது முடிவெடுக்கும் திறனில் பாதிப்பே தெரியவில்லை. கார்பன் டை ஆக்சைடு மட்டும்தான் குற்றவாளியா, அதோடு சேர்ந்து தேங்கும் மற்ற வாயுக்களும் வெப்பமும் காரணமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் காற்றோட்டம் நல்லது என்பதில் பெரிய சண்டை எதுவும் இல்லை.

டென்மார்க்கில் மாணவர் விடுதி ஒன்றில் நடந்த சிறிய பரிசோதனை, பிஜியில் தங்கியிருப்பவர்களுக்கு நேரடியாகவே பொருந்தும். படுக்கையறையில் காற்றோட்டத்தைக் கூட்டியபோது மாணவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். மறுநாள் தூக்கக் கலக்கம் குறைந்தது, தர்க்க அறிவுச் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள்.

ஆனால் ஜன்னலைத் திறந்தால் தூசியும் புகையும் வருமே? நியாயமான கேள்வி. ஜெர்மனியில் சதுரங்கப் போட்டிகள் நடந்த அரங்குகளில் காற்றை அளந்து, ஒவ்வொரு நகர்வையும் கணினி மூலம் சரிபார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நுண்துகள் மாசு கூடியபோது, ஆட்டக்காரர்கள் தப்பான நகர்வுகளை அதிகம் செய்தார்கள். நேரம் நெருக்கும் கட்டத்தில் பாதிப்பு இன்னும் அதிகம். அதனால் மெயின் ரோட்டுப் பக்க ஜன்னலைவிட உள்பக்க ஜன்னலைத் திறப்பது, நெரிசல் இல்லாத நேரத்தில் திறப்பது, மீட்டிங்குக்கு நடுவே கதவைத் திறந்து வைப்பது நல்லது.

வெக்கையில் வேகும் மூளை

2016 கோடையில் பாஸ்டன் நகரில் வெப்ப அலை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 44 இளைஞர்களை 12 நாட்கள் கவனித்தார்கள். பாதிப் பேர் ஏசி உள்ள விடுதியில், மீதிப் பேர் ஏசி இல்லாத விடுதியில் தங்கியிருந்தார்கள். காலையில் எழுந்தவுடன் போனில் ஒரு சின்ன சோதனை. ஏசி இல்லாத அறையில் தூங்கியவர்கள் பதில் சொல்ல சுமார் 13 சதவீதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டல் கழித்தல் கணக்கிலும் பின்தங்கினார்கள்.

அந்த 'சூடான' அறைகளின் சராசரி வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். மே மாதத்து வேலூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். உடம்பு எந்த வெப்பத்துக்குப் பழகியிருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதால், பாஸ்டன் கணக்கை நம்ம ஊருக்கு அப்படியே போட முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் முதியவர்களோ நோயாளிகளோ அல்ல, ஆரோக்கியமான இளைஞர்கள். மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறையில் இரவெல்லாம் வியர்த்துப் புரண்டுவிட்டு, காலையில் இன்டர்வியூவுக்குப் போகிறவரின் தடுமாற்றத்தை 'பிரிப்பேர் பண்ணல' என்று மட்டும் எழுதிவிட முடியாது.

சத்தம்: ரயில் ஓரத்து வகுப்பறை

நியூயார்க்கில் உயர்த்தப்பட்ட பாதையில் ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரயில் போகும், டீச்சர் பாடத்தை நிறுத்துவார். உளவியலாளர் ஆர்லின் பிரான்சாஃப்ட், தண்டவாளப் பக்க வகுப்பறைக் குழந்தைகளையும், அதே பள்ளியின் மறுபக்க வகுப்பறைக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 1975-ல் ஆய்வை வெளியிட்டார். ஆறாம் வகுப்புக்கு வரும்போது, சத்தமான பக்கத்துக் குழந்தைகள் வாசிப்பில் கிட்டத்தட்ட ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகள் பொருத்தினார்கள். வகுப்பறைகளில் சத்தத்தை உறிஞ்சும் கூரை அமைத்தார்கள். அதற்குப் பிறகு பிரான்சாஃப்ட் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. குழந்தைகளுக்கு யாரும் 'கவனமா படி' என்று கூடுதலாக அறிவுரை சொல்லவில்லை. சத்தத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

கென்யாவின் நைரோபியில் பொருளாதார ஆய்வாளர் ஜோஷுவா டீன் தையல் பயிற்சியில் இருந்தவர்களை வைத்துச் செய்த பரிசோதனையிலும் இதே கதை. சத்தம் 10 டெசிபல் கூடினால், வேலைத் திறன் சுமார் 5 சதவீதம் குறைந்தது. அமைதியான இடத்தில் வேலை செய்ய எவ்வளவு பணம் விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டபோது, சத்தம் தங்கள் வருமானத்தைக் குறைக்கிறது என்பதை உணர்ந்தவர்களாக அவர்கள் பதில் சொல்லவில்லை. இங்கும் பாதிப்பு அவர்கள் கண்ணில் படவில்லை.

போன்: கையில் எடுக்காவிட்டாலும்...

கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க், மனிதர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் தொடர்ந்து கவனம் வைக்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். 2004-ல் சராசரி இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளின் அளவீடுகளில் அது 47 விநாடி.

'அதனால என்ன, உடனே திரும்பி வேலைக்கு வந்துடறேனே' என்று தோன்றலாம். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதற்குப் பதில் தந்தார். ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, மனசின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாம்பார் வைத்த பாத்திரத்தைக் கழுவாமல் அதிலேயே பாயசம் வைத்தது மாதிரி. பாயசத்தில் புளிப்பு வரத்தான் செய்யும்.

2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டு குழு வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. போனை சைலண்டில் போட்டு சிலரை மேசை மேல் குப்புற வைக்கச் சொன்னார்கள், சிலரைப் பையில், சிலரைப் பக்கத்து அறையில். பக்கத்து அறையில் வைத்தவர்கள் சோதனையில் மேசையில் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். 'போன் என் கவனத்தைப் பாதித்தது' என்று பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இதே சோதனையைச் செய்த எல்லோருக்கும் இந்த முடிவு வந்துவிடவில்லை. சில ஆய்வுகளில் வித்தியாசம் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. ஆனால் போனைப் பக்கத்து அறையில் வைக்க ஒரு பைசா செலவில்லை. முயன்று பார்ப்பதில் நஷ்டமும் இல்லை.

விழுப்புரத்தின் கரும்புத் தோட்டம் சொன்ன பாடம்

காற்று, சத்தம், வெப்பம் எல்லாம் வெளியே இருப்பவை. மனதுக்குள்ளேயே ஓயாமல் ஓடும் ஒரு சத்தம் உண்டு. பணக் கவலை.

கரும்பு விவசாயிக்கு அறுவடை முடிந்த பிறகுதான் பெரிய தொகை கைக்கு வரும். அறுவடைக்கு முன் நகை அடகுக்குப் போகும், கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஷாவ் ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை பகுதி கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரே விவசாயிக்கு அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அறிவுத்திறன் சோதனை. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. அறுவடைக்கு முன், கையில் காசு இல்லாதபோது, அதே ஆட்கள் சோதனையில் மோசமாகச் செய்தார்கள். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள்.

விவசாயி மாறவில்லை. அவர் மூளையில் எவ்வளவு இடம் காலியாக இருந்தது என்பதுதான் மாறியது. 'எப்படிச் சமாளிக்கப் போறேன்' என்ற கணக்கு பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால், மற்ற விஷயங்களுக்கு இடம் குறைகிறது. இஎம்ஐ தேதிக்கு முந்தைய வாரம் ஆபீஸில் சின்னச் சின்னத் தப்பு செய்கிறவருக்கு இது புதிதாக இருக்காது. 'காசு இல்லாதவங்க தப்பான முடிவு எடுக்கறாங்க' என்று சுலபமாகச் சொல்பவர்கள் இந்த ஆய்வைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சரி, என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் நம்மால் மாற்ற முடியாது. வாடகை வீட்டின் கூரையை மாற்ற முடியாது, எதிரே கட்டும் கட்டடத்தின் சத்தத்தை நிறுத்த முடியாது. முடிந்ததை மட்டும் பார்ப்போம்.

1. முடிவுக்கு நேரம் குறியுங்கள். பணம், வேலை, உறவு தொடர்பான பெரிய முடிவுகளை நன்றாகத் தூங்கி எழுந்த காலைக்குத் தள்ளிவையுங்கள். இரவில் எழுதிய காட்டமான மெயில் டிராஃப்டிலேயே தூங்கட்டும். காலையிலும் அனுப்பத் தோன்றினால் அனுப்பலாம்.

2. உணர்வை நம்பாதீர்கள், கணக்கை நம்புங்கள். 'ஃப்ரெஷ்ஷாத்தான் இருக்கேன்' என்பது ஆதாரம் இல்லை. எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். 17 மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தால், முடிந்தவரை வண்டி ஓட்டாதீர்கள். அலுவலக கேப் அல்லது ஆட்டோ நல்லது.

3. மதியம் 20 நிமிடம். வாய்ப்புக் கிடைத்தால் குட்டித் தூக்கம் போடுங்கள். நீண்ட நேரம் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி, எழுந்தபின் சிறிது நேரம் தலை கிறுகிறுக்கும். அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

4. மாலை காபியைக் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள். உடம்பில் சேர்ந்த காஃபின் பாதியாகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்துக்கொண்டவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்கிறது 2013-ல் வெளியான ஆய்வு. நம்ம ஊர் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் அவ்வளவு இருக்காது என்றாலும், நாளெல்லாம் குடிப்பது சேரும்.

5. அறைக்கு மூச்சு விடுங்கள். ஏசி போடும் அறையை, படுக்கும் முன் சிறிது நேரம் ஜன்னல் திறந்து காற்றாட விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் மீட்டிங்கில் பாதியில் கதவைத் திறந்து, எல்லோரும் ஐந்து நிமிடம் வெளியே வந்துவிட்டுப் போகலாம்.

6. போனுக்கு ஓர் இடம். மூளையைக் கசக்க வேண்டிய வேலைக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். அப்போது போன் வேறு அறையில் அல்லது பைக்குள். அவசரத்துக்கு வீட்டு எண்களை மட்டும் ஒலிக்கும்படி அமைத்துவிடலாம்.

7. பாதியில் விடும்போது ஒரு வரி எழுதுங்கள். வேறு வேலைக்குப் போகும் முன், 'இது வரைக்கும் முடிஞ்சது, அடுத்து இது' என்று ஒரு வரி குறித்து வைத்தால், பழைய வேலை மனதை இழுப்பது குறையும். பணக் கவலைக்கும் இது கொஞ்சம் உதவும். கட்ட வேண்டியவற்றை எல்லாம் தலைக்குள் சுமக்காமல் தேதியோடு ஒரு தாளில் இறக்கிவையுங்கள். கடன் குறையாது, ஆனால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை குறையும்.

அலுவலகங்களுக்கும் பங்கு உண்டு

மேலே சொன்ன ஏழும் தனி ஆள் செய்யக்கூடியவை. ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் 'அர்ஜென்ட்' என்று போட்டால், ஊழியர் எந்த ஜன்னலைத் திறந்து என்ன பயன்? மீட்டிங் ரூமுக்கு வெளிக்காற்று வருகிறதா என்று பார்ப்பது, மதியம் கண்ணயர ஓர் அறை ஒதுக்குவது, இரவு ஷிஃப்ட் முடிந்தவர்களை வண்டி ஓட்ட விடாமல் கேப் ஏற்பாடு செய்வது... இவற்றைச் சலுகையாகப் பார்க்கத் தேவையில்லை. தவறு குறைந்தால் லாபம் நிறுவனத்துக்கும்தான்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

தூக்கம், காற்று, போன் எல்லாம் சரி செய்தும் வாரக்கணக்கில் மந்தமாகவே இருந்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு போன்றவையும் இதே மாதிரி 'மண்டை ஓடாத' நிலையை உண்டாக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கலாம். எதிலும் பிடிப்பே இல்லாமல் மனசு தொடர்ந்து சோர்ந்திருந்தால் அதுவும் சிகிச்சைக்கு உரியதுதான். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம்.

அடுத்த முறை மண்டை ஓடாதபோது, 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்ற தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். அதற்கு முன் நான்கு கேள்விகள்: நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன்? இந்த அறைக்குள் வெளிக்காற்று வந்து எவ்வளவு நேரம் ஆச்சு? போன் எங்கே இருக்கு? உள்ளுக்குள் எந்தக் கவலை ஓடிக்கிட்டு இருக்கு?

பதில் கிடைத்ததும் செய்ய வேண்டியது ஒருவேளை அந்த மீட்டிங் ரூம் கதவைத் திறப்பதாக மட்டும்கூட இருக்கலாம்.